கூடையா, வட்டமா, எழுத்தா? எங்கள் சங்கத்தின் சின்னச் சண்டை

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சிறு தேயிலை விவசாயிகளும் கொழுந்து பறிக்கும் பெண்களும் சேர்ந்து நடத்தும் சிக்கன நாணயச் சங்கம் எங்களுடையது. வருகிற தையோடு 25 வருஷம் ஆகிறது. வெள்ளி விழாவுக்கு ஒரு புதுச் சின்னமும் ஒரு கொடியும் வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது, மூன்று படங்கள் வந்தன, மூன்றும் வாட்ஸ்அப் குழுவில் ஏறின, அன்றிலிருந்து குட் மார்னிங் போடுகிறவர்கள்கூடச் சண்டைதான் போடுகிறார்கள். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் மலைக்கிளைகளிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன். அதனால் 'சார், பேங்க் சின்னமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க' என்று பொருளாளர் தம்பி பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் படம் பழைய சின்னமேதான், கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்தது. சங்கம் தொடங்கியபோது போர்டு எழுதுகிற ஓவியர் ஒருவர் வரைந்தது. வட்டத்துக்குள் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், முதுகில் கூடையோடு ஒரு பெண், கைகுலுக்கும் இரண்டு கைகள், ஓரத்தில் பல்சக்கரம், சுற்றிலும் சங்கத்தின் பெயர், பதிவு எண், 'கூட்டுறவே நாட்டுயர்வு'. ஒரு மாடும் இருக்கிறது, அதை நான் போன மாதம்தான் கவனித்தேன். இரண்டாவது, உறுப்பினர் ஒருவரின் மகன் கோயம்புத்தூரில் வடிவமைப்பு படிக்கிறார், அவர் போட்டது: நீல வட்டம், நடுவே வெள்ளையாக ஒரு வளைந்த பாதை, அவ்வளவுதான். மூன்றாவது, சங்கத்தின் பெயரின் முதலெழுத்தான 'ம'வை மலைச்சரிவு மாதிரி வளைத்து வரைந்தது.

பெரிய வங்கிகள் இந்த மூன்று வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறார்கள், அதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஸ்டேட் பேங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ் மாகாண வங்கிகள் மூன்றும் 1921-ல் சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆனது, அது 1955 ஜூலை 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா ஆனது. அப்போது வைத்த சின்னம் ஆலமரம். ஆல்போல் தழைத்து என்று கல்யாணத்தில் வாழ்த்துகிற நமக்கு அதற்கு விளக்கமே தேவையில்லை, விழுதும் கிளையும் வங்கிக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஆலமரத்தடியில் வேறொன்றும் வளராது என்பதும் நமக்குத் தெரியும். அதைவிடப் பெரிய கஷ்டம், மரம் என்பது வரைய வரைய இலையும் விழுதுமாகப் போய்க்கொண்டே இருக்கும், சின்னதாக்கினால் முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடும்.

1971-ல் அந்த மரத்தைத் தூக்கிவிட்டு நீல வட்டம் வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்தது. நடுவில் சின்ன வெள்ளை வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு. சாவித் துவாரம் என்பார்கள், பெரிய அமைப்பின் நடுவே சாதாரண மனிதன் என்பார்கள், அகமதாபாத் காங்கரியா ஏரியை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும், அதிலிருந்துதான் வந்தது என்று ஒரு கதையும் உலாவுகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கடைசிவரை அதை 'ஓட்டைக் காலணா பேங்க்' என்றுதான் சொன்னார். யுத்த காலத்தில் நடுவில் ஓட்டை போட்டு வந்த காலணாவைக் கையில் வாங்கிச் செலவழித்த ஆள் அவர். எந்த வடிவமைப்பாளரும் யோசித்திருக்க மாட்டார், ஆனால் வங்கிச் சின்னத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வருவது இருக்கிறது. பணம் போட்டு எடுக்கிற இடத்தின் சின்னம் ஜனங்கள் வாயில் ஒரு பெயராக வரவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சீட்டைத் திருப்பிப் பார்த்து 'இது நம்ம சங்கத்துது' என்று சொல்வது அந்தப் பெயரை வைத்துத்தான். எல்ஐசி என்ற மூன்று எழுத்து தெரியாதவர்களுக்கும் இரண்டு கைக்கு நடுவே விளக்கு என்றால் தெரியும். சிண்டிகேட் பேங்க் இருந்ததே, 1925-ல் உடுப்பியில் தொடங்கியது, அதன் சின்னத்தில் ஒரு நாய். விசுவாசம், சிநேகம் என்று அர்த்தம். நாயா என்று யாராவது சிரித்தாலும் 'நாய் போட்ட பேங்க்' என்று வழி சொல்லிவிடலாம்.

நாய் என்றதும் ரிசர்வ் வங்கி ஞாபகம் வருகிறது. 1935-ல் தொடங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் இரட்டை மொஹர் தங்கக்காசில் இருந்த சிங்கத்தையும் பனையையும் பார்த்துச் சின்னம் வரையச் சொன்னார்கள், சிங்கத்தைவிடப் புலிதான் இந்தியாவுக்குப் பொருத்தம் என்று சிங்கத்தைப் புலியாக மாற்றினார்கள். கல்கத்தா பெல்வெடர் மாளிகை வாசலில் இருந்த புலிச் சிலைதான் மாதிரி. அப்படியும் வரைந்து வந்த புலியைப் பார்த்த துணை கவர்னர் ஜேம்ஸ் டெய்லர், இது ஏதோ நாய் இனம் மாதிரி இருக்கிறதே, நாயும் மரமும் என்று ஜனங்கள் கேலி செய்வார்களே என்று கவலைப்பட்டிருக்கிறார். ஒரு வங்கி நாயை ஆசைப்பட்டு வைத்தது, இன்னொரு வங்கி புலி நாயாகிவிடுமோ என்று பயந்தது! எங்கள் குழுவிலும் ஒருவர் புலி கேட்டார். மாட்டைப் புலி அடித்துவிட்டு நஷ்டஈட்டுக்கு அலைந்தவர்கள் நிறைந்த மாவட்டத்தில் சேமிப்புப் புத்தகத்தின் அட்டையில் புலி வேண்டாம் என்று ஒரு அக்கா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, படங்களுக்கு வருவோம்.

முதல் படத்தில் எனக்குப் பாசம் உண்டு, அதைப் பார்த்துத்தான் 25 வருஷமாக ஜனங்கள் காசு கட்டியிருக்கிறார்கள். ஆனால் ரப்பர் ஸ்டாம்பில் அது என்ன ஆகிறது என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஊதா மையில் குத்தினால் மலையும் மாடும் ஒன்றாகி ஒரு மைத்திட்டுதான் மிஞ்சுகிறது. வாட்ஸ்அப்பில் விரல்நகம் அளவு வட்டத்தில் வைத்தால் பெண் எங்கே, சக்கரம் எங்கே என்று தெரியாது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு மலைக்கு நடுவே உதிக்கிற சூரியன் ஒரு கட்சியின் சின்னம். இரண்டு இலை இன்னொரு கட்சியின் சின்னம். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு மலையையும் சூரியனையும் கொழுந்தையும் வரையாமல் வேறு எதை வரைவது என்பது நியாயமான கேள்விதான், வரைந்த ஓவியருக்கும் அந்த நினைப்பு துளியும் இருந்திருக்காது. கொழுந்து பறிக்கிற எல்லாருக்கும் ரெண்டு இலை ஒரு மொட்டு என்பது அரிச்சுவடி. ஆனால் தேர்தல் நடத்தை விதி வந்ததும் சின்னங்களை மறைக்கிற வேலை தொடங்கும், அந்த நேரத்தில் நம் போர்டைப் பார்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தக் கட்சிக்காரர் சங்கமா இது, இந்தக் கட்சிக்காரர் சங்கமா என்ற பேச்சு கிளம்பிவிடும். கடன் சங்கத்துக்கு அதைப்போல் கேடு வேறில்லை. ஒரே படத்தில் இரண்டு கட்சியும் இருப்பதால் சமன் ஆகிவிடும் என்று தலைவர் சொன்னது தமாஷாகவா நிஜமாகவா என்று இன்னும் புரியவில்லை. பேங்க் ஆஃப் பரோடா 2005-ல் சூரியனையே சின்னமாக்கியது, ராகுல் டிராவிட் விளம்பரத்தில் வந்தார், அது குஜராத்தில் பிறந்த வங்கி, சூரியனை வைத்துக்கொள்ள அங்கே தடையில்லை. நமக்கு ஒத்துவராது.

இரண்டாவது படம், நீல வட்டம். பார்க்க அழகு, எனக்கு அந்தப் பையனின் கை பிடித்திருக்கிறது. ஒரே நிறம், வட்டத்தில் கச்சிதமாக உட்காருகிறது, ஸ்டாம்பிலும் தெளிவாக விழும். நீலகிரிக்கு நீலம் என்று அவர் சொன்ன காரணமும் சரி. ஆனால் இதைத் தூரத்திலிருந்து பார்க்கிற யாரும் ஸ்டேட் பேங்க் என்றுதான் நினைப்பார்கள். நாம் வங்கி அல்ல. வங்கி என்ற சொல்லைக் கண்டவர்களும் பெயரில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி என்று இருந்த பலகைகள் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று மாறிய கதை எல்லாருக்கும் தெரியும், ஊர் வாய் இன்னும் பேங்க் என்றே சொன்னாலும். பெயரில் வைக்க முடியாததைப் படத்தில் ஜாடையாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வட்டத்தையும் பாதையையும் மட்டும் வைத்து ஸ்டேட் பேங்க் ஜெயித்தது என்றால் அதற்குப் பின்னால் மூலைக்கு மூலை கிளையும் ஐம்பது வருஷப் பழக்கமும் இருக்கிறது. நமக்கு இருப்பது ஒரு அலுவலகம், அதுவும் வாடகைக் கட்டடம். வெறும் வடிவத்துக்கு அர்த்தம் ஏற்றப் பணமும் காலமும் வேண்டும், நம்மிடம் இரண்டும் குறைவு.

மூன்றாவது, எழுத்து. பஞ்சாப் நேஷனல் பேங்க் சின்னம் குர்முகி 'ப' எழுத்தின் சாயலில் இருப்பது, பஞ்சாபி தெரிந்தவர்களுக்குப் பார்த்ததும் பிடிபடும். நம் ஊருக்கு வந்தால் அது சும்மா ஒரு வளைவு. யூனியன் பேங்க் சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு ஆங்கில யூ எழுத்துகளைக் கோத்து வைத்திருக்கிறது. எழுத்துச் சின்னம் படிக்கத் தெரிந்தவர்களுக்கானது. எங்கள் உறுப்பினர்களில் மூத்த பெண்கள் பலர் இன்னும் கைநாட்டுதான், அவர்களுக்கு 'ம'வும் ஒன்று, கோணலாகப் போட்ட முட்டுக்கட்டையும் ஒன்று. அந்தப் படத்துக்கு நான் இதற்கு மேல் நேரம் செலவழிக்கப் போவதில்லை, வரைந்தவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இணைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சின்னம் மாறும்போது வாடிக்கையாளர் என்ன ஆகிறார் என்பதை அங்கேதான் நேராகப் பார்த்தேன். 2017 ஏப்ரல் 1-ல் திருவாங்கூர், மைசூர், ஐதராபாத், பாட்டியாலா, பிகானீர்-ஜெய்ப்பூர் என்று ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் ஸ்டேட் பேங்கோடு சேர்ந்தன. துணை வங்கிகள் முன்பே அந்த ஓட்டைக் காலணாவைத்தான் போட்டிருந்தார்கள், அதனால் பலகையில் ஊர்ப்பெயர் போனதே தவிரப் படம் போகவில்லை. அதே வருஷம் சின்னத்தைப் புதுப்பித்தபோதும் வட்டத்தைத் தொடவில்லை, நீலத்தின் சாயலையும் எழுத்தையும்தான் மாற்றினார்கள். 2020 ஏப்ரல் 1 வேறு மாதிரி. ஊரடங்கின் நடுவே பத்து வங்கிகள் நான்காயின. சிண்டிகேட் கனராவோடு சேர்ந்தது, நாய் போய் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு முக்கோணம் வந்தது. 1865-ல் பிறந்த அலகாபாத் பேங்க், 1907-ல் சென்னையில் தொடங்கிய இந்தியன் பேங்கோடு சேர்ந்தது. வயதில் மூத்தது இளையதற்குள் போனது, ஆனால் இந்தியன் பேங்க் தன் பெயருக்குக் கீழே அலகாபாத் என்று எழுதி வைத்துக்கொண்டது. எனக்கு அது பிடித்திருந்தது. வடக்கே எங்கோ ஒரு கிழவர் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தால் அந்த ஒரு சொல் அவருக்குப் போதும்.

நான் வேலை பார்த்த கிளையிலும் ஒரு தடவை பலகை மாறியது. எந்த வங்கி என்று வேண்டாம். முன்னறிவிப்பு எல்லாம் முறையாக ஒட்டியிருந்தோம், யார் படிக்கிறார்கள்? ஒரு அம்மா வாசல்வரை வந்து, நிறம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, நம்ம பேங்க் காலி பண்ணிட்டாங்க என்று எதிர்க் கடையில் அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, பழைய மேஜை, பழைய ஆட்கள் எல்லாம் அப்படியே இருப்பதைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அதனால் எனக்குத் தோன்றுவது, இந்த மூன்று படமும் இல்லாத நான்காவது ஒன்று. பழைய சின்னத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பது. எதை? மலை, சூரியன், இலை போய்விட்டது. கைகள் வேண்டாம், கை என்றாலும் ஒரு கட்சி இருக்கிறது. சக்கரம் யாருக்கும் ஒட்டவில்லை. மாடு... மாட்டுக்காக வாதாட ஒருவர் இருக்கிறார், ஆனால் பால் சொசைட்டி என்று நினைத்துக் கேனோடு வந்து நிற்பார்கள். மிஞ்சுவது அந்தப் பெண்ணின் முதுகில் இருக்கும் கூடை.

கூடையை இரண்டு கோட்டில் வரையலாம். ஸ்டாம்பில் தெரியும். 'கூடைச் சங்கம்' என்று வாயில் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துப் போட்டு நிரப்புவது என்பதைச் சிறுசேமிப்புக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது தோட்டங்களில் கூடையைவிடச் சாக்கும் பையும்தான் அதிகம் என்று தம்பி சொன்னார், உண்மைதான், ஆனால் சாக்கை வரைந்தால் சிமெண்ட் கடை. தேர்தல் ஆணையத்தின் சுயேச்சைச் சின்னப் பட்டியலில் கூடை இருக்காதா என்று ஒருவர் கேட்டார். அந்தப் பட்டியலில் குக்கரும் காஸ் சிலிண்டரும்கூட உண்டு, அதையெல்லாம் பார்த்தால் அடுப்பங்கரையில் ஒரு பாத்திரத்தைக்கூட வரைய முடியாது. சுயேச்சைச் சின்னம் தேர்தலோடு போய்விடும், கட்சிச் சின்னம் போகாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

கூடையில் குறை இல்லாமல் இல்லை. கூடை பறிப்பவர்களுடையது, தோட்டம் வைத்திருப்பவர்களுடையது அல்ல என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. எங்கள் பக்கம் சிறு விவசாயி தன் தோட்டத்தில் தானே குனிந்து பறிக்கிறவர்தான், என்றாலும் அந்த முணுமுணுப்பை நான் ஒதுக்கிவிட மாட்டேன், பேரவையில் அதைப் பேசித்தான் ஆகவேண்டும். பழைய சின்னத்தைத் தூக்கிப் போடச் சொல்லவும் இல்லை. பங்குச் சான்றிதழிலும் தீர்மானப் புத்தகத்திலும் அது மாடு உட்பட அப்படியே இருக்கட்டும். போர்டு, ரசீது, ஸ்டாம்ப், போன் இதற்கெல்லாம் கூடை, கீழே சங்கத்தின் பெயர் முழுதாகத் தமிழில்.

கொடிதான் இன்னும் தலைவலி. நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரத்தில் ஏற்றுகிற ஏழு வண்ணக் கொடி. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1925-ல் ஏற்றுக்கொண்ட வானவில் கொடி அது. பல நிறம் சேர்ந்து ஒன்றாவது என்பதுதான் கருத்து. அந்த வானவில்லை வேறு பல இயக்கங்களும் தங்களுக்கென்று பிடித்துக்கொண்டதால் குழப்பம் வந்து, 2001-ல் அந்தக் கூட்டமைப்பே அதைக் கைவிட்டு வெள்ளைத் துணியில் தன் சின்னத்தைப் போட்டுக்கொண்டது. இங்கே நாம் விடவில்லை, இன்றும் கொடியேற்றி உறுதிமொழி எடுக்கிறோம். கஷ்டம் என்னவென்றால் நவம்பர் நடுவில் கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை. ஏழு நிறமும் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில் சாயம்போன புடவை மாதிரி தொங்கும்.

தனிக் கொடி வேண்டுமென்றால் நிறம் எது? பச்சை தேயிலைச் சரிவுக்கு முன்னால் காணாமல் போகும். வெள்ளை மேகத்தோடு போய்விடும். நீலம் ஸ்டேட் பேங்க். சிவப்பு தொழிற்சங்கம், சிவப்போடு கறுப்பு சேர்த்தால் கட்சி. தோடர் பூத்தையலில் அந்தச் சிவப்பும் கறுப்பும் வெள்ளைத் துணியில் எவ்வளவு அழகு, ஆனால் அது அவர்களுடையது, 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது, நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூவர்ணத்தைத் தொடவே கூடாது, தேசியக் கொடியில் எழுத்தோ படமோ போடுவது குற்றம், அதன் சாயலில் விளம்பரச் சின்னம் செய்வதற்கும் 1950-ஆம் வருஷத்துச் சட்டம் குறுக்கே நிற்கும். பனியில் நன்றாகத் தெரிகிற நிறம் மஞ்சள்தான். அந்தப் பையனும் அதைத்தான் சொன்னார். நல்லவேளை கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். 'ஏம்ப்பா, பணம் போட்டு வைக்கிற சங்கம் வாசல்ல மஞ்சளைக் கட்டினா, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாங்கன்னு ஊர் சிரிக்காதா?' கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைக்கு அந்த வழக்கே தெரியவில்லை, திவால் நோட்டீசுக்கு அப்படிப் பெயர் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குத் தோன்றுவது அரக்கு. எங்கள் பழைய சேமிப்புப் புத்தகத்தின் அட்டை அந்த நிறம்தான், வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் எல்லாரும் பார்த்த நிறம், வங்கியில் பண உறைக்கு முத்திரை வைக்கிற அரக்கும் அதுதான். அரக்கில் வெள்ளைக் கூடை, ஒரு பக்கம் மட்டும் அச்சு, நனைந்தாலும் சீக்கிரம் காய்கிற துணியில். ஆனால் உண்மையைச் சொன்னால், கொடிக்கும் போர்டுக்கும் சேர்த்து ஒதுக்கிய பணத்தில் ஒன்றுதான் நன்றாகச் செய்ய முடியும் என்றால் நான் போர்டுக்குத்தான் கை தூக்குவேன். பெரிய வங்கிகளிலேயே கொடி வெளியே வருவது நிறுவன நாளிலும் விளையாட்டுப் போட்டியிலும்தான், மீதி நாளெல்லாம் பீரோவுக்குள். விழாவன்று வானவில் கொடியே போதும், மழை விட்டிருந்தால்.

பேரவை வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு. கூடையின் மாதிரி ஸ்டாம்ப் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாரும் ஒரு துண்டுக் காகிதத்தில் குத்திப் பார்க்கலாம், பழைய ஸ்டாம்பையும் பக்கத்திலேயே வைக்கிறேன். மாட்டுக்காரர் தன் பங்குக்கு மாட்டை மட்டும் தனியாக வரைந்து எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்கும் ஒரு ஸ்டாம்ப் செய்யச் சொல்லிவிட்டேன், செலவு அவருடையது.